இடது காதில் மார்ச் மாதம்

விண்டோஸ் செவனுக்கு சப்போர்ட் முடிந்த நாளுக்கு மறுநாளிலிருந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் லோஜினி ட்யூன் செய்து கொடுத்த காது மெஷின்களில் சத்தம் பிந்தி வந்தது. அது 2020 ஜனவரி. முதலில் ஒரு கொட்டாவி விடும் நேரம்தான் பிந்தியது. கதவைச் சாத்தியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கதவுச் சத்தம் கேட்டது. மாதக் கடைசியில் வந்தவர்களுக்குக் காலையில் பேசியது மாலையில் கேட்டது. பிப்ரவரியில் வந்தவர்களுக்குப் போன வாரம் கேட்டது. மார்ச் தொடக்கத்தில் வந்தவர்களுக்குப் போன மாதம் கேட்டது. அப்டேட் நின்றுபோன கணினி உலகத்தோடு கூட நடப்பதை விட்டுவிட்டது, அதில் மாட்டும் ஒவ்வொரு முறையும் காது மெஷின் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நின்றது. இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தோன்றவில்லை, யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை.

லோஜினியின் கிளினிக் மோனோரயில் தண்டவாளத்தை ஒட்டிய கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே பூக்கடை. அவளுடைய ட்யூனிங் புரோகிராம் அந்தப் பழைய கணினியைத் தவிர வேறெதிலும் ஓடாது, அவளிடம் வருகிறவர்களின் மெஷின்களுக்கு அந்தப் புரோகிராமைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. அம்பாங்கில் இருந்த அண்ணன் கௌசிகனுக்கு கம்ப்யூட்டர் பாதுகாப்புதான் வேலை. அவன் ஒரு புது லேப்டாப்போடு படியேறி வந்தான்.

"இது இனிமே பூட்டு இல்லாத வீடு, லோஜி. எவன் வேணும்னாலும் உள்ள வரலாம். மொதல்ல இன்டர்நெட் வயரைப் புடுங்கு."

"புடுங்கிட்டேன் அண்ணா."

"அது போதாது. இதை மாத்தணும் லா."

"மாத்தினா எல்லார் காதுல இருக்கிறதும் குப்பைக்குப் போகும். பென்சன்ல இருக்கிறவங்களை மோட்டார் சைக்கிள் விலைக்குப் புதுசு வாங்கச் சொல்றதா?"

கௌசிகன் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அது உறைகூடப் பிரிக்காமல் அங்கேயே கிடந்தது. பழையது மூச்சிரைத்துக்கொண்டு வேலை செய்தது.

குறை சொல்லி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்கோட் ரோட்டில் ஒரு தம்பதி, மனைவி காலையில் திட்டியது கணவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்பதால் வீட்டில் சண்டை குறைந்துவிட்டது என்று பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்ச்சில் நாடு முழுக்க நடமாட்டத்துக்குத் தடை போட்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் புறாக்கள் மட்டும் நடந்தபோது, கடைசியாக லோஜினியிடம் வந்துபோன ஆட்களுக்கு ஜன்னல் வழியே பிப்ரவரியின் தைப்பூசம் கேட்டது. உறுமி மேளமும் வேல் வேல் என்ற கூட்டமும் வெறிச்சோடிய சாலையில் போவதாக அவர்கள் அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். தனியாக இருந்த லோஜினி அதைப் படித்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுடைய ஆட்களில் ஒருவரான, கிள்ளானில் இருந்த வேலாயுதத்துக்கு அந்தத் தைப்பூசமும் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் காதைத் தொலைத்தவர். தடைக்காலத்தில் காது மெஷினுக்கான பேட்டரி தீர்ந்துபோக, கடைகளும் மூடியிருக்க, மெஷினைச் செத்த நிலையிலேயே காதில் மாட்டிக்கொண்டு, மனைவி லெட்சுமியோடு வீட்டுக்குள் இருந்தார். மகன் கமலநாதன் சுபாங் ஜெயாவில் இருந்தான், வர முடியாது. லெட்சுமியின் வாய் அசைந்துகொண்டே இருந்ததை அவர் பார்த்தார். அரிசி களையும்போது அசைந்தது, துணி காயப் போடும்போது அசைந்தது. இவர் தலையாட்டினார்.

ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியதும் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் வந்து இறங்கி, லோஜினியிடம் இரண்டு மெஷினையும் புதுப் பேட்டரி போட்டு ட்யூன் செய்துகொண்டார். கணினி அதற்குள் வெகுதூரம் பின்னால் போயிருந்தது. ரயிலேறித் திரும்பும்போதே அவர் காதில் மார்ச் மாதம் தொடங்கிவிட்டது. கேட்காத மனிதன் என்ற தைரியத்தில் லெட்சுமி அந்த வீட்டுக்குள் எல்லாவற்றையும் பேசியிருந்தாள். அவரைத் திட்டியிருந்தாள். பாடியிருந்தாள், அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் பெண் பார்க்க வந்த பந்திங் ஊர்க்காரர் ஒருவரின் மீசையைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருந்தாள். வேலாயுதம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரித்தார். காரணம் தெரிந்ததும் லெட்சுமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அதன் பிறகு இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் காதில் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை முதல் வாரத்தில் லெட்சுமிக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள், வேலாயுதம் போனார். மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அவள் ஏதோ சொன்னாள். உதட்டைப் படிக்க முடியவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் தலையாட்டினார். அவள் அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, அன்று மாலை போய்ச் சேர்ந்தாள்.

ஈமச்சடங்கு நடந்தபோது அவர் காதில் ஏப்ரல் மாதம். லெட்சுமி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

கமலநாதன் அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டான், ஒவ்வொரு வாரமும் மறுத்தார். ஆகஸ்ட் நடுவில் மேரு சாலையைக் கடக்கும்போது ஒரு லோரி அவர் சட்டையை உரசிக்கொண்டு நின்றது. கமலநாதன் அவரை நேராக லோஜினியிடம் கூட்டிவந்தான்.

"அந்த லோரிக்காரன் அடிச்ச ஹார்ன் அப்பாவுக்கு எப்ப கேக்கும்னு சொல்லுங்க டாக்டர். தீபாவளிக்குத்தான் கேக்கும். அதுவரைக்கும் அவர் இருக்க வேணாமா?"

அந்தக் கணினியைக் கட்டிக்கொண்டு இருந்தது பிடிவாதமா பரிவா என்று லோஜினிக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டு மெஷினையும் கழற்றச் சொல்லிக் கையை நீட்டினாள். வேலாயுதம் வலது காதில் இருந்ததை மட்டும் கொடுத்தார். இடது காதைக் கையால் பொத்திக்கொண்டார். லோஜினி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அண்ணன் வைத்துப்போன லேப்டாப்பின் உறையைப் பிரித்தாள். கமலநாதன் வாங்கித் தந்த புது மெஷின் வலது காதில் ஏறியது. அது முதல் வலப்பக்கம் அவருக்கு இன்றைக்கு, இடப்பக்கம் மூன்று மாதத்துக்கு முன்னால். லோரிகளைக் கேட்டுச் சாலையைக் கடந்தார், கடந்த பிறகு லெட்சுமியைக் கேட்டார். இந்த ஏற்பாடு நன்றாக இருப்பதாக ஆள் ஆளிடம் சொல்ல, இன்னும் சிலர் வந்து இதே மாதிரி செய்துகொண்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் அவர் தனியாக வந்தார். மே மாதம் முடிந்துவிட்டது, ஜூனும் முடியப்போகிறது என்றார். லோஜினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இடது பக்கத்தை இன்னொரு தடவை பழசுல மாட்டட்டுமா? திரும்பவும் பின்னால போயிடும். அம்மா பேசுறது தீராது."

"வேணாம் டாக்டர். நாப்பது வருசமா நான் அவகிட்ட அதிகமாக் கேட்டது 'என்ன சொன்னே?'ங்கிறதுதான். சொன்னதையே சொல்ல வைக்காதீங்கன்னு அவ்வளவு கோவப்படுவா. செத்த பெறகுமா அவளைத் திருப்பிச் சொல்ல வைக்கிறது?" அவர் எழுந்திருக்கவில்லை. "ஆனா ஆஸ்பத்திரியில என்னமோ சொன்னா. நான் தலையாட்டிட்டேன். எதுக்கு ஆட்டினேன்னு தெரியாம இருக்கேன். அது காதுல வர்ற அன்னிக்கு இங்க வந்து உக்காந்துக்கவா? வீட்டுல தனியாக் கேக்கப் பயமா இருக்கு."

அக்டோபரின் அந்தக் காலையில் லோஜினி வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. வேலாயுதம் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். வெயில் அவர் மடியிலிருந்து முழங்காலுக்கு நகர்ந்தது. மோனோரயில் போய்க்கொண்டிருந்தது, அவருக்கு அது கேட்கவில்லை. கட்டில் சக்கரத்தின் சத்தம் வருகிறது என்றார். நர்ஸ் மலாயில் ஏதோ சொல்கிறாள் என்றார். பிறகு அவர் முகம் முன்னால் சாய்ந்தது, யாரோ தாழ்ந்த குரலில் பேசும்போது சாய்வதுபோல. லோஜினி தன்னையறியாமல் தானும் சாய்ந்தாள். கீழே பூக்கடையில் தண்ணீர் தெளிப்பது மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது, ஆனால் வாயோரத்தில் கையும் களவுமாக அகப்பட்டவனின் சிரிப்பு இருந்தது.

"தனியா இருக்கக் கூடாதாம். பையன் கூப்பிட்டா வீம்பு பண்ணாமப் போகணுமாம். 'சரியா'ன்னு கேட்டா. 'உங்களுக்குக் கேக்கலைன்னு தெரியும், ஆனாலும் சரின்னு சொல்லுங்க'ன்னா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சரின்னுட்டேன் டாக்டர். மூணு மாசமா அவனை வேணாம் வேணாம்னு அனுப்பியிருக்கேன். எல்லாம் சரின்னு சொன்ன பெறகு."

லோஜினி கமலநாதனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். வேலாயுதம் மகனிடம் வந்து கூட்டிப்போகச் சொன்னார். அவன் மறுபக்கம் என்ன சொன்னான் என்பது, வலது மெஷின் இன்னும் பையில் இருந்ததால், அவருக்குக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து இடது காதில் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

மாலையில் வேலை முடிந்து அவன் வந்து சேர்வதற்குள் இடது காதில் லெட்சுமி போய்விட்டாள். அதன் பின் யாரோ அழுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்தே அது தன் குரல் என்று வேலாயுதத்துக்குப் புரிந்தது. ஜூலையில் அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மனிதன் அழுது முடிக்கும் வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுபாங் ஜெயாவில் அவர் நன்றாகவே இருக்கிறார். பேரப்பிள்ளைகள் வலது காதில் கத்திவிட்டு, ஒரு பருவம் கழித்து இடது காதில் கத்துகிறார்கள். கௌசிகன் ஆண்டுக்கொரு முறை வந்து தலையில் அடித்துக்கொண்டு, வயர் புடுங்கித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறான். விண்டோஸ் டென்னுக்கும் சப்போர்ட் முடிந்துவிட்ட இந்த வருடத்தில், லோஜினியின் படிக்கட்டில் கிள்ளானிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் காது என்று கேட்கிறாள். இடது என்கிறார்கள். எவ்வளவு பின்னால் என்று அவளும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. கணினியைப் போட்டுவிட்டு, அது எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும், கீழே போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்கிறாள்.