விளக்கு வைக்கும் நேரத்துக் கொசு

கொசுவுக்குப் பயந்து பெண்டாட்டியை ஊருக்கு அனுப்பியவன் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அம்மா அப்படி ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னு காதுல விழட்டும், அன்னைக்கே வண்டியேறி வந்திரணும். அதுக்குப் பொறவு உலகம்மை இங்கே, நீ அங்கே. காட்டுல போட்டுச் சாகடிக்கவா அவளைக் கட்டிக்கிட்டு வந்தோம்?"

நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். பொன்முடிக்குப் போகிற ரோடு மழையில் கல்லாற்றுப் பக்கம் இடிந்துபோயிற்று. அதைக் கட்டி முடிக்கும்வரை ஆற்றோரம் கூடாரத்தில்தான் குடித்தனம். நானும் வருவேன் என்று உலகம்மை ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் நின்றதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் எங்களுக்கு அரிசி மண்டி. மண்டிக்குப் பின்னால் வீடு, வீட்டில் மூன்று மருமகள்கள். உலகம்மை கடைசி. அந்தியில் விளக்கேற்றுவது மூத்த அண்ணி. திரி திரித்துக் கொடுப்பது நடு அண்ணி. இவள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு தீக்குச்சி கிழிக்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கூடாரத்துக்கு வந்த அன்று சின்னக் குத்துவிளக்கைத் தன் கையால் ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்த முகத்தை என்னவென்று சொல்ல! கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

கல்லாற்றுக் கொசு லேசுப்பட்டதல்ல. எங்கள் கடைத்தெருக் கொசு கடித்தால் சொறிந்துகொள்ளலாம். இது கடித்தால் உட்கார்ந்து அழலாம். எங்களுக்குக் கிடைத்த கொசுவலையிலோ காக்காய் நுழையும். உலகம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் தேங்கிய தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தாள், புதரை வெட்டச் சொன்னாள். வேப்பெண்ணெயில் புல்தைலத்தைக் கலந்து என் கைகால் எல்லாம் பூசிவிட்டாள். நான் போய் நின்றால் வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்ததும் நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டுவாள். எங்களுக்கே மூச்சு முட்டும், கொசுவெல்லாம் ஓடிவிடும்.

ஓடின கொசு திரும்பி வரவும் அவளே வழி செய்தாள். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் வாசல் துணியை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி விரியத் திறந்து வைப்பாள். அந்தியில் வாசல் அடைத்துக் கிடந்தால் லட்சுமி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம். லட்சுமி வந்தாளோ என்னவோ, காட்டிலுள்ள கொசு முழுக்க வந்தது.

"சவத்துக் கொசு! இவ்வளவு புகை போட்டும் எங்கேருந்துதான் வருதோ?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அந்தா திறந்து கிடக்கிற வாசல் வழியாகத்தான் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். மென்று விழுங்கிவிடுவேன். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று கிடைத்த ஒரே வாசல் அது. அதைச் சாத்து என்று நான் எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் நானே வாசலில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி விளக்குக்கு முன்னால் சட்டை போடக் கூடாது. வெற்றுடம்போடு, முகத்தை விளக்குக்கும் முதுகைக் காட்டுக்கும் கொடுத்து, பலகை போட்டு வாசலை அடைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தேன். லட்சுமி நுழைய ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டிருந்தேன். முதுகில் எண்ணெய் பூச எனக்குக் கை எட்டாது. அவளைப் பூசச் சொன்னால் ஏன் என்று குடைவாள்.

"உள்ளே வந்து இருங்களேன், அத்தான்."

"இங்கே காத்து கொள்ளாம், சுகமா இருக்கு."

காற்றாவது எழவாவது! ஓர் இலை அசையவில்லை.

கடைசியில் காய்ச்சல் வந்தது. எனக்குத்தான். உடம்பு தூக்கிப் போட்டது. கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டு, சட்டையோடு கம்பளிக்குள் சுருண்டேன். என் போதாத காலம், மறுநாள் காலையிலேயே அரிசி கொண்டுவரும் மண்டி வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் திரவியம் எட்டிப் பார்த்துப் பதறினான்.

"அய்யோ, சின்ன முதலாளிக்குக் காய்ச்சலா? அப்போ ரெண்டு பேரையும் கூட்டிட்டுத்தான் போணும். பெரிய முதலாளியம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காக."

உலகம்மை பெட்டியைத் திறந்தாள். முதலில் குத்துவிளக்கைத் துடைத்துச் சேலையில் சுற்றி உள்ளே வைத்தாள். காய்ச்சலைத் தாங்கினேன், அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு என் பக்கம் வந்தாள். காய்ச்சல் விட்டு எனக்கு வேர்த்திருந்தது. நனைந்த சட்டையைக் கழற்றித் துடைப்பதற்காக என்னைப் புரட்டினாள். அவள் கை நின்றுவிட்டது.

"இதென்ன, அத்தான்!"

கையிலும் மார்பிலும் ஒரு தடிப்புக்கூட இல்லை. முதுகில் விரல் வைக்க இடமில்லை. அவள் முதுகைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், வாசலில் கிடந்த பலகையைப் பார்த்தாள். அப்புறம் ஏச ஆரம்பித்தாள்.

"காத்து கொள்ளாம்னு சொன்னேளே, இதுதானா அந்தக் காத்து? வாசலைச் சாத்துடீன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? சொன்னா நான் என்ன கடிச்சா தின்னிருவேன்?"

"இல்லே... உன் விளக்கு..." என்றேன்.

அவள் அழுதாள். திட்டிக்கொண்டே அழுதாள். "கூறுகெட்ட மனுசன்! ஊருக்கெல்லாம் ரோடு போடத் தெரியும், கட்டினவகிட்ட வாய் திறக்கத் தெரியாது." நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். "திரவியம், நாங்க வரல்லே. காய்ச்சல் வந்த வழியைக் கண்டாச்சு, இன்னைக்கே அடைச்சிருவேன்னு அத்தைகிட்டச் சொல்லும்."

"ஏசுவாகளே, சின்னம்மா."

"ஏசட்டும். ஊருக்கு வரும்போது நின்னு வாங்கிக்கிடுதேன்." காலி எண்ணெய் டின்னை அவன் கையில் கொடுத்தாள். "அடுத்த தடவை இது நிறைய வேப்பெண்ணெய் வேணும்."

அன்று அந்தியில் வாசல் துணியை இறக்கி, ஓர் ஊசி நுழைய இடமில்லாமல் இழுத்துக் கட்டினாள். சேலையைப் பிரித்து விளக்கை எடுத்து வைத்து ஏற்றினாள். கைகூப்பிக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்: "தாயே, வாசல் அடைச்சிருக்குன்னு திரும்பிப் போயிராதே. உனக்கு ஒரு துணி பெரிசா? கொசுவுக்குத்தான் அது பெரிசு."

வெளியே கொசு இரைந்துகொண்டிருந்தது. உலகம்மை வாசலில் கிடந்த பலகையை எடுத்து வந்து தன் பக்கத்தில் போட்டு, அதைத் தட்டிக் காட்டினாள். நான் மெல்ல எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.