தண்ணீர் லாரிக்குத் தங்கம்

சுடர்விழியின் கையெழுத்துக்குக் கோவிந்தராசு வைத்த விலை நாலு லட்சம். எடுத்த எடுப்பில் நாலு என்றால் ஆறு வரை ஏறுவார் என்று அவளுக்குத் தெரியும். முதல் விலை ஒரு விலையா? எதிராளி முகத்தில் எறிந்து பார்க்கிற கூழாங்கல். அது அவள் முகத்தில் பட்டுக் கீழே விழுந்தது.

“எதுக்குங்க நாலு லட்சம்?”

“பொண்ணு கல்யாணத்துக்கு மொய்னு வச்சுக்கம்மா.”

“எனக்கே இன்னும் கல்யாணம் ஆகலைங்க.”

“அப்ப அட்வான்ஸ் மொய்.”

சுவாமிமலைக்கு வெளியே, அரை வேலி நிலத்தை விற்றுக் கோவிந்தராசு போட்ட பட்டறை அது. முன்கொட்டகையில் சாமி சிலை, பின்கொட்டகையில் இயந்திரச் சாமான். முன்னால் பக்தி, பின்னால் லாபம் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பின்கொட்டகை மேசையில் ஒரு பித்தளைநிறக் குழல் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. லாரியின் முன்சக்கரம் திரும்புகிற இடத்தில், மொத்த பாரத்தையும் தாங்கும் கிங்பின் புஷ். உள்ளங்கைக்குள் அடங்கும்.

சுடர்விழி சுடுகிறவள் இல்லை, சுடுகிறவர்களை ஓடவைக்கிறவள். பல நாடுகள் கூடிச் சேர்த்த படை ஒன்று மூன்று கண்டங்களில் முகாம் போட்டிருந்தது. அதன் வண்டிகளில் இன்றைக்கு எத்தனை ஓடும், எத்தனை நிற்கும், நிற்கிற வண்டிக்கான சாமான் எந்தத் துறைமுகத்தில் தூங்குகிறது என்று தினமும் கணக்குக் கொடுப்பது அவளுடைய ஒப்பந்தக் கம்பெனி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து அவள் தட்டுகிற எண்ணை நம்பித்தான் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒரு கர்னல் காலையில் கேட்டைத் திறந்துவிடுவார்.

அந்தப் பாலைவனத்தில் மூன்று முகாம்கள். தண்ணீர் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால். அறுபத்துநாலு தண்ணீர் லாரிகளில் குறைந்தது நாற்பது ஓடினால்தான் மூன்று முகாமும் குடிக்கலாம். புஷ் தேய்ந்துபோய் லாரிகள் வரிசையாகப் படுத்தபோது, வண்டி செய்த வெளிநாட்டுக் கம்பெனி ஏழு மாதம் ஆகும் என்று கைவிரித்தது. கோவிந்தராசுவைக் கண்டுபிடித்தவள் சுடர்விழி. முதல் வார்ப்பில் ஒரு புஷ்ஷைத் திருச்சி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். நல்ல சான்று வந்தது. அதை நம்பி ஐந்து வார்ப்புக்கும் கையெழுத்துப் போட்டாள். பெட்டிக்கு நாலு புஷ், லாரிக்கு ஒரு பெட்டி. முதல் தவணையாக முப்பத்தொரு பெட்டி போய், முப்பத்தொரு லாரியில் ஏறி, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

நேற்று இரண்டாம் தவணையைப் பார்க்க வந்தவள் கடைசல் மிஷின் பக்கம் நின்றாள். வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தைச் சீவினால் ரவை மாதிரி உதிரவேண்டும். இது இடியாப்பம் பிழிந்தது போல நீளநீளமாக வந்தது. வாய் திறக்காமல் ஒரு புஷ்ஷைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினாள். ஆய்வுக்கூடம் என்றால் ஒரு வாரம். கும்பகோணத்தில் அப்துல் வஹாபின் நகைக்கடையில் தங்கத்துக்கு டச்சு, அதாவது மாற்று, பார்க்கிற மிஷின் இருந்தது. அது எந்த உலோகத்தையும் அரை நிமிஷத்தில் நிர்வாணமாக்கிவிடும்.

வஹாப் சீட்டைக் கண்ணாடி வழியாகவும், கண்ணாடிக்கு மேலாகவும் படித்தார்.

“வெள்ளீயம் நூத்துக்குப் பத்து இருக்கணும்ங்கிறே. ஒண்ணுகூட இல்லம்மா. செம்பு, துத்தநாகம், ஈயம். அப்புறம்...” மிஷினைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். “தங்கம் இருக்கு தாயி. பத்தாயிரத்துல நாலு பங்கு.”

“நல்லாப் பாருங்க பாய்.”

“ரெண்டு தடவை பாத்துட்டேன். யாரும்மா இது, லாரிக்கெல்லாம் தங்கம் போடுறது? இங்க மாப்பிள்ளைக்கே போட ஆளில்ல.”

செம்பில் தங்கம் எப்போது விழும் என்று அந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். சாமி வார்க்கும் நாளில், உலோகம் உருகிக்கொண்டிருக்கும் மூசையில், சிலை செய்யச் சொன்ன குடும்பத்தார் மோதிரமோ மூக்குத்தியோ போடுவார்கள். அந்த வார்ப்பில் மிஞ்சுகிற உலோகம் அவர்களுடையது. கேட்டால் அவர்களுக்கு, கேட்காவிட்டால் அடுத்த சாமிக்கு. கோவிந்தராசு அதைப் பின்கொட்டகைக்குத் தள்ளியிருந்தார். கிலோ மூவாயிரத்துக்கு மேல் விற்கிற வெள்ளீயம் அவர் பில்லில் மட்டும் இருந்தது.

“தங்கம் போட்டா கெட்டுப்போச்சா?” என்றார் இப்போது, கொஞ்சமும் கூசாமல். “உலகத்துல எவன் ராணுவ லாரிக்குத் தங்கம் கலந்து குடுப்பான்? நியாயமா நீ எனக்கு மேல போட்டுக் குடுக்கணும்.”

“தங்கம் கெடுக்கலைங்க. வெள்ளீயம் இல்லாததுதான் கெடுக்குது. சாமி நின்ன இடத்துல நிக்கும். லாரி பன்னெண்டு டன் தண்ணியோட பள்ளத்துல இறங்கும். மூணு மாசத்துல இது தேஞ்சு, சக்கரம் சாஞ்சு, டிரைவர் போய்ச் சேருவான்.”

“யாரு டிரைவரு? உங்க சித்தப்பாவா?”

“எந்தெந்தப் பெட்டியில இந்த உலோகம் போச்சு? அத மட்டும் சொல்லுங்க.”

இரண்டாம் தவணையைத் தள்ளுவது ஒரு கோடு கிழிக்கிற வேலை. முதல் தவணையில்தான் சிக்கல், அது ஏற்கெனவே லாரிகளில் ஏறிவிட்டது. எந்தப் பெட்டி என்று தெரியாவிட்டால் முப்பத்தொரு லாரியையும் நிறுத்தவேண்டும். ஏற்கெனவே படுத்துக் கிடப்பது எட்டு. மிஞ்சுவது இருபத்தைந்து, மூன்று முகாமுக்கும் நாக்கு வறளும். நிறுத்தாமல் விட்டால் எந்தச் சக்கரம் என்றைக்கு என்று தெரியாது.

“சொல்ல மாட்டேன்,” என்றார் கோவிந்தராசு. “சொன்னா அது வாக்குமூலம். காகிதத்துல எங்கயாவது என் கையெழுத்து இருக்கா? சரக்கு சரின்னு போட்டது நீ. மாட்டினா நீதான் மாட்டுவே. அதான் நாலு லட்சம்கிறேன். ரெண்டாவது தவணைக்கும் போட்டுட்டுப் போ, தேயறப்போ பாத்துக்கலாம்.” பிறகு, சும்மா இருக்க முடியாமல், “உங்கப்பா எங்க களத்துல நெல்லு தூத்துன ஆளு. அவரு இப்படி மொதலாளிகிட்ட எதுத்துப் பேசினதே இல்ல,” என்றார்.

“ஆமாங்க. தூத்துற குடும்பம். அதான் பதரு எதுன்னு பாத்ததும் தெரியுது.”

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து மேலாளர் ராஜராஜன் கூப்பிட்டார். அவள் நடந்ததை நாலு வரியில் சொன்னாள்.

“சுடர், அம்பத்தாறு லாரி தயார்னு நேத்தே படைத்தலைமைக்குப் போயாச்சு. ஒப்பந்தப்படி அம்பத்திரண்டு காட்டணும். இப்ப இருபத்தஞ்சுன்னு சொன்னா நம்மளத் தூக்கிக் கடல்ல போடுவாங்க.”

“சார், புஷ் தாங்காது.”

“தாங்கலைன்னா அன்னிக்குத் தேய்மானம்னு எழுதிக்கலாம். பாலைவனத்துல எல்லாந்தான் தேயுது. எந்தப் பெட்டின்னு உறுதியாத் தெரியாம கணினியில ஒரு லாரியைக்கூட ஓடாதுன்னு சிவப்புல மாத்தாத. மாத்தினா, ஒரு வார்ப்ப சோதிச்சிட்டு அஞ்சு வார்ப்புக்குக் கையெழுத்துப் போட்டது யாருன்னு நானும் எழுதவேண்டி வரும்.”

போனை வைத்துவிட்டார். கோவிந்தராசு இந்தப் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டே மீதியைக் கணக்குப் போட்டுவிட்டிருந்தார். “ஆறு,” என்றார் பெருந்தன்மையாக.

சுடர்விழி எழுந்தாள். வாசலுக்குப் போகாமல் முன்கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

“அங்க எங்கம்மா போறே?”

“பேராவூரணி அம்மாவப் பாக்க.”

முன்கொட்டகையில் ராஜாத்தி உட்கார்ந்திருந்தாள். பேராவூரணியில் தென்னந்தோப்புக்காரி. ஊர் அம்மனுக்கு அவள் செலவில் சிலை. வார்த்து மூன்று மாதமாகி, செதுக்கல் முடிகிற தறுவாயில், பார்த்துப்போக ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்திருந்தாள். காலையில் உள்ளே நுழையும்போதே சுடர்விழியைப் பிடித்து உட்காரவைத்து, புருஷன் போனபின் கழற்றிய தாலிக்குண்டு இரண்டையும் மூசையில் தானே போட்ட கதையைச் சொல்லியிருந்தாள். இப்போது செதுக்குகிறவரிடம் அம்மனின் மூக்கு போதாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குரல் இங்கேவரை கேட்டது.

கோவிந்தராசுவின் முகத்தில் முதல்தடவையாக வேர்வை தெரிந்தது.

“அவங்ககிட்ட உனக்கு என்ன பேச்சு?”

“பெரிசா ஒண்ணுமில்லைங்க. அவங்க தாலிக்குண்டு மிச்சம் எந்தப் பாலைவனத்துல, எந்த லாரிச் சக்கரத்துல அரைபடுதுன்னு சொல்லலாம்னு. வஹாப் பாய் குடுத்த சீட்டையும் காட்டலாம். தங்கம் தங்கம்னு அதுல நல்லாப் படிக்கிற மாதிரிதான் இருக்கு.”

“ஏய்.”

“அந்தம்மா குரலுக்கு மைக்கு வேண்டாம். மத்தியானத்துக்குள்ள சுவாமிமலை, சாயந்திரத்துக்குள்ள கும்பகோணம். அப்புறம் உங்க மூசையில எவ வந்து மூக்குத்தியப் போடுவா?”

ராணுவம் கேஸ் போட்டால் கோவிந்தராசு வக்கீல் வைத்துப் பத்து வருஷம் இழுப்பார். ராஜாத்திக்கு வக்கீல் கிடையாது, வாய்தாவும் கிடையாது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “நீ நல்லா இருப்பியாடி?” என்றார். மரியாதை முதல் விலையோடு போயிருந்தது.

“வார்ப்பு நோட்ட எடுங்க.”

“எடுத்தா அங்க வாயத் தெறக்க மாட்டியே?”

ராஜாத்தியிடம் சொல்லவேண்டிய விஷயம்தான் அது. சொல்லும் உரிமையை இங்கே விற்கிறோம் என்று தெரிந்தேதான், “தெறக்க மாட்டேன்,” என்றாள்.

அழுக்கேறிய நீள நோட்டு. ஒவ்வொரு வார்ப்புக்கும் தேதி, எடை, எந்த உலோகம், எத்தனை பெட்டி. தன்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று கோவிந்தராசு, ஏமாற்றியதையும் ஒழுங்காக எழுதிவைத்திருந்தார். முதல் இரண்டு வார்ப்பும் கடைசி வார்ப்பும் நல்ல உலோகம். மூன்றாவதும் நாலாவதும் ‘முன்கொட்டகை மிச்சம்’. அவள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். பத்தொன்பதாம் பெட்டி மட்டும் எந்த வார்ப்பிலும் இல்லை.

“இது எதுங்க?”

“ஞாபகம் இல்ல.”

“நிஜமாவா?”

“உனக்கு நான் ஏன் நிஜம் சொல்லணும்? எடத்தக் காலி பண்ணு. இனிமே இந்த வாசல்ல உன்னப் பாத்தா தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்.”

“இது வரைக்கும் குடுக்கலையே.”

முன்கொட்டகையைத் தாண்டும்போது ராஜாத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன தாயி, உள்ள ஒரே சத்தம்? ஏமாத்துறானா?”

“சாமான் கணக்கும்மா.”

“விடாத. சாமிய நம்பலாம், இவன நம்பக் கூடாது. நான் பக்கத்துல இருந்து உருக்கினதால தப்பிச்சேன்.”

சுடர்விழி தலையாட்டினாள். அம்மனின் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தாள். ராஜராஜன் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. பெட்டி எண்ணையும் லாரி எண்ணையும் பொருத்தி ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கினாள். பத்தொன்பதாம் பெட்டி ஏறிய லாரியின் முன்னால் விரல் நின்றது. அதையும் சிவப்பாக்கினாள். காரணம் கேட்ட கட்டத்தில், ஒரு வார்ப்பைச் சோதித்து ஐந்துக்கும் ஒப்புதல் கொடுத்தது தான் என்று, யாரும் எழுதுவதற்கு முன் அவளே எழுதினாள். கீழே பெயரைப் போட்டு அனுப்பினாள்.

தண்ணீர் லாரி மொத்தம் அறுபத்துநாலு. முன்பே நின்றது எட்டு. வெள்ளீயம் இல்லாமல் நின்றது பதின்மூன்று. சந்தேகத்தில் நின்றது ஒன்று. ஓடுவது நாற்பத்திரண்டு. மூன்று முகாமும் குடிக்க வேண்டியது நாற்பது. படைக்குக் கொடுத்த வாக்கு ஐம்பத்திரண்டு. பாக்கி, பத்து.