பள்ளத்துக் கிளையில் ஐந்து முட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சொற்பொழிவுக்காகப் பிறந்தது. றக்வான இலக்கிய வட்டத் தலைவர் ஜஸீல் (துணிக்கடையும் அவருடையதே, பொன்னாடைக்குப் பஞ்சமில்லை) ‘இலக்கியத்தில் ஃபின்ச் குருவிகள்’ பற்றிப் பேசச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். அந்தக் குருவியை நான் பார்த்ததில்லை என்பது ஒரு தடையாகத் தோன்றவில்லை. பாடிய கவிஞர்கள் பலரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கவிதையில் அது விடுதலையைப் பாடும், விடியலைப் பாடும். ஒரு வரியிலும் சாப்பிடாது.

முதல் தொடக்கம்: ‘விடியலின் தூதுவனாய் அச்சிறு பறவை தன் பொற்சிறகை...’

(விடுங்கள். அடித்துவிட்டேன்.)

2

2003 ஆவணியில் தேயிலை மலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மா ஒரு தேயிலைச் செடியை விலக்கிக் காட்டினாள்.

“இதுதாங்க தினைக்குருவி. ஃபின்ச்சுக்குச் சொந்தமோ என்னவோ, எனக்குத் தெரியாது. பாட்டெல்லாம் பெருசா பாடாது. புல்லு வெதை திங்கும். அப்புறம், மறுபடி புல்லு வெதை திங்கும்.”

மானாப்புல்லால் பந்துபோல் முடைந்த கூடு. பக்கவாட்டில் வாசல், உள்ளே ஐந்து வெள்ளை முட்டைகள். கருந்தொண்டைக் குருவி ஒன்று தன் உடம்பைவிட நான்கு மடங்கு நீளமான புல்லைக் கவ்விக்கொண்டு, காற்றோடு மல்லுக்கட்டி வந்து இறங்கியது. என் கையிலிருந்த குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஆனால் மறுநாள் அங்கே கவ்வாத்து. செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். அது மூச்சுவிட ஒரேயொரு கிளையை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்தக் கிளை மேட்டுப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரையின் கட்டளை.* கூடு இருந்ததோ பள்ளத்துப்பக்கக் கிளையில்.

* பங்களாவிலிருந்து பார்க்க அணிவகுப்புப்போல் தெரியுமாம். வேறு காரணம் யாருக்கும் தெரியவில்லை.

3

கத்தி பிடிப்பவன் சின்னத்தம்பி, வெள்ளையம்மாவின் கொழுந்தன்.

“கொழுந்தனாரே, இந்த ஒரு செடியில மட்டும் பள்ளத்துக் கிளைய விடுங்களேன்.”

“நல்லா இருக்கே அண்ணி! நூறு செடி ஒரு பக்கம் பாக்க, ஒன்னு மட்டும் திரும்பி நின்னா தொரைக்குக் கண்ணு தெரியாதா? போன மாசந்தான் ஒருத்தன வேலையிலேர்ந்து நிப்பாட்டுனாரு. அடுத்தது நானா?”

“இவ்வளவு பெரிய கத்திய வச்சுக்கிட்டு இவ்வளவு பயமா?”

“கத்திக்குப் பயமில்ல. அதப் புடிச்சிருக்கிறவனுக்குத்தான்.”

(இந்த இடத்தில் சின்னத்தம்பியைக் கண்கலங்க வைத்திருந்தேன். அவன் கலங்கவில்லை, வெற்றிலை துப்பினான். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.)

4

மறுநாள் அவன் அந்தச் செடியில் பள்ளத்துக் கிளையை விட்டான். பிறகு அடுத்த செடியில். அதற்கும் அடுத்ததில். சாயங்காலம் பார்த்தால் வரிசை முழுவதும் பள்ளத்தைப் பார்த்து நின்றது.

“ஐயோ, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க!” என்றாள் வெள்ளையம்மா.

“ஒரு செடி திரும்பினா என் தப்பு அண்ணி. ஒரு வரிசையே திரும்பினா, நாமதான் அப்படிச் சொன்னோமோன்னு தொரைக்கே சந்தேகம் வந்துரும்.”

பெரிய மனிதர்களை இவ்வளவு துல்லியமாகப் படித்தவரை எங்கள் இலக்கிய வட்டத்தில் நான் கண்டதில்லை.

5

முடிவு அ: சின்னத்துரை கூட்டைக் காண்கிறார், உள்ளம் உருகித் தொப்பியைக் கழற்றி... (பொன்னாடை முடிவு. ஜஸீலுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: மறைப்பில்லாத கூட்டை, முட்டை திருடும் செண்பகப் பறவை ஒன்று... (எழுத மனம் வரவில்லை.)

இன்று வியாழன். சின்னத்துரை சனிக்கிழமை மலை பார்க்க வருகிறார். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். இதுவரை எழுதியதை வெள்ளையம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லாத்தாங்க இருக்கு. பேப்பர்ல வருமா?”

“வரும்.”

“அப்ப தோட்டத்துப் பேரு வேணாங்க. எங்க பேரையும் மாத்திருங்க. சின்னதொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.”

மாற்றிவிட்டேன், ஆண்டையும்கூட. ஜஸீல் மட்டும் தன் பெயரை அப்படியே போடச் சொன்னார்.

முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன். சனிக்கிழமை அந்தப் பக்கம் நீங்கள் போக நேர்ந்து, சின்னத்துரை உங்களை நிறுத்தி, ‘இந்த வரிசை ஏன் இப்படி?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இப்போதே யோசித்து வையுங்கள். என்ன சொன்னாலும் சரி, கூட்டின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள்.