வைத்தியச்சியின் கை

1

இக்கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. புகாரை எழுதியவன் நான். ஏழு வரி, ஒரு பிழையும் இல்லை. எழுதி அனுப்பிய அன்று எனக்கிருந்த மனநிறைவை வாசகரிடம் மறைக்க விரும்பவில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனுக்கு அத்தகைய நிறைவுகள் அரிதாகவே வாய்க்கின்றன.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நாற்பது பேர் சேர்ந்து ஒரே கதையை எழுதுகிறோம். கதை ஒரு கடற்கோட்டையில் நடக்கிறது, ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் தம் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் எழுதுவார். மற்றவர் தம் பாத்திரத்தின் வாயால் மறுமொழி எழுதுவார். இவ்வளவுதான் விளையாட்டு. விதிகளும் மூன்றே.

அடைப்புக்குறிக்கு வெளியே எழுதுவது பாத்திரத்தின் பேச்சு. அதற்காக யாரும் யார்மீதும் வருத்தப்படக் கூடாது. அடைப்புக்குறிக்குள் எழுதுவது எழுதுகிறவரின் சொந்தப் பேச்சு. அங்கே மரியாதை கட்டாயம், தவறினால் வெளியேற்றம். மூன்றாவது: பிறர் பாத்திரத்தின் கையை அசைக்காதே. அதாவது, என் பாத்திரம் வாளை ஓங்கலாம். எதிரில் நிற்பவர் வெட்டுப்பட்டாரா, விலகினாரா என்பதை அவரை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்: இவற்றைவிடச் செம்மையான விதிகளை எந்தப் பள்ளியும் எனக்குத் தந்ததில்லை. இவற்றை மீறுவோரைக் கண்டால் எனக்கு இன்றும் இரத்தம் கொதிக்கிறது.

2

தொடக்கம், முதல் வரைவு: "மாலை வெயில் கண்ணாடிக் கடையின் கதவில் விழுந்தபோது, நடுவர் தம் வாழ்வின் மிகக் கடினமான

வேண்டாம். யாருடைய வாழ்வில் எது மிகக் கடினமானது என்று எனக்கெப்படித் தெரியும்?

இரண்டாம் வரைவு: குழுவில் புகார்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் நடுவர். பிழைப்புக்கு அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறார். வில்லைகளைக் கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவர் பணி. தேய்ப்பு இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வலக்கையில் வில்லை, இடக்கையில் கைபேசி.

(இந்தக் கடையை நான் பார்த்ததில்லை. அவர் தொழில் தெரியும். தண்ணீர் சொட்டுவதையும், அவர் யாரையோ 'அக்கா' என்று அழைத்ததையும் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். மற்றது கற்பனை.)

புகார் வந்து சேர்ந்தபோது, கடையில் கண் பரிசோதிக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, மறுபடியும் கோட்டையா? கூப்பிட்டாக் காதுலயே விழல."

"ஒரு நிமிஷம்க்கா. ஒருத்தங்கள வெளியேத்தணும்."

"கதை ஆளையா, நிஜ ஆளையா?"

"நிஜ ஆளத்தான். கதை ஆளு தானாப் போயிடும்."

"பாவம்டி. அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"ஒருத்தரப் பாத்து, 'யோவ், நீயெல்லாம் மனுஷனா'ன்னு கேட்டுட்டாங்க."

"இவ்வளவுதானா? என் வீட்டுக்காரர நான் தினம் கேக்கறேன்."

"அடைப்புக்குறிக்குள்ள கேட்டுட்டாங்கக்கா. அதான் தப்பு."

"என்ன குறியோ! முதல்ல கையில இருக்கறத முடி. வெளிய ஆள் உக்காந்திருக்கு."

நடுவர் விதியைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார். வைத்தியச்சி கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்டாள்.

3

வைத்தியச்சியை எழுதியவர் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்மணி. இரண்டு ஆண்டுகளாக உணவு இடைவேளைகளில் எழுதி வந்தார். கோட்டையின் கிழக்கு மூலையில் ஒரு குடிசை. அதில் பதினாறு மருந்துச் சாடிகள். எதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். வெளியேற்றப்பட்டவரால் தாம் எழுதியதைத் திறந்து படிக்கவும் முடியாது. இரண்டு ஆண்டு எழுத்து ஒரே பொத்தானில் கதவடைத்துக்கொண்டது.

அவர் திரும்பி வருவாரா என்பதே இக்கதையின் கேள்வி. வேறு மர்மம் இல்லை. வாசகர் தேடிக் களைக்க வேண்டாம்.

'நீயெல்லாம் மனுஷனா' என்று அவர் யாரைப் பார்த்துக் கேட்டார்? தளபதி என்ற பாத்திரத்தை எழுதுகிறவரைப் பார்த்து. தளபதியை எழுதுகிறவர் மிகவும்

(இவ்வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன். "மிகவும் பண்பானவர்" என்று முடிக்கப் பார்த்தேன். பேனா நகரவில்லை. தளபதியை எழுதுகிறவன் நான்.)

4

நடந்தது இது. ஒருநாள் என் தளபதி வீரர்களுக்கு நீண்ட உரை ஆற்றினார். வைத்தியச்சியின் மறுமொழி: "தளபதியாரே, உரை முடிந்ததா? நின்றபடியே தூங்கி விழுந்த மூவருக்குக் கட்டுப் போட வேண்டும்." குழுவே சிரித்தது. நான் "(அருமையான நகைச்சுவை, அம்மா.)" என்று எழுதினேன்.

அடுத்த இருபத்து மூன்று நாள்களும் தளபதி கோட்டையைக் காத்தார். பாதுகாப்பை முன்னிட்டுக் குடிசையைச் சோதனையிட்டார். நாளுக்கு ஒன்றாகப் பதினாறு சாடிகளையும் உடைத்தார். நோயாளிகள் யாரும் அவளிடம் போகக் கூடாதென்று முரசறைந்தார். குடிசைக்குப் போகும் வழியை அடைத்தார். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் கீழே, "(கதைக்காகத்தான், அம்மா. தவறாக எண்ண வேண்டாம். வணக்கம்.)"

அவள் கையை நான் ஒருமுறைகூட அசைக்கவில்லை. அது தொட்டுப் பழகிய பொருள்களை மட்டும் ஒவ்வொன்றாக அகற்றினேன். இருபத்து நான்காம் நாள் அவர் அடைப்புக்குறிக்குள் அந்த மூன்று சொற்களைச் சொன்னார். அரைமணி நேரத்தில் என் புகார் தயாராகிவிட்டது.

அடிக்குறிப்பு: அரைமணி நேரம் என்பது பொய். புகாரைப் பதினோராம் நாளே எழுதி வைத்திருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டியதுதான் பாக்கி.

5

வெளியேற்றிய மூன்றாம் நாள் நடுவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உங்க ரெண்டு பேரோடதையும் முதல்லேர்ந்து படிச்சேன். நீங்க ஒரு விதியையும் மீறல."

"அதத்தானேம்மா நானும் சொன்னேன்."

"அதான் சார் உறுத்துது. கடைசி வரிய மட்டும் பாத்துத் தீர்ப்பு சொல்லிட்டேன். ஒரு வில்லையக்கூட நடுவுல மட்டும் பாத்து அனுப்ப மாட்டோம். ஓரத்து வழியாப் பாத்தாத்தான் நேர்க்கோடு வளைஞ்சு தெரியும்."

"முப்பத்திரண்டு வருஷம் வகுப்பு நடத்தியிருக்கேம்மா. ஒரு பிள்ளையையும் மரியாதை இல்லாமப் பேசினதில்ல."

"தெரியுது சார். முட்டி போட வெச்சுட்டு, 'நன்றி ஐயா'வும் சொல்ல வெச்சிருப்பீங்க."

எனக்குக் கோபம் வந்தது.

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க?"

"தப்பு என்னோடதுன்னு எழுதி, அவங்களுக்குக் கதவத் திறந்துவிட்டுட்டேன். பாத்துட்டாங்க. ஆனா உள்ள வரல. நீங்க நாலு வரி எழுதுங்க சார். அடைப்புக்குறிக்குள்ள. 'கதைக்காக'ங்கற பேச்சே இல்லாம."

"எழுதினா வருவாங்களா?"

"அது எனக்கெப்படி சார் தெரியும்? இதோ வந்துட்டேன்க்கா!" வைத்துவிட்டார்.

6

நாலு வரி கேட்டார். நான் ஒரு கதையையே எழுதிக்கொண்டிருப்பதை வாசகர் கவனித்திருப்பீர்கள். கதை என்பது அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள இடம். அங்கே நிற்பது எனக்குப் பழக்கம்.

முடிவு அ: வைத்தியச்சி திரும்பி வருகிறாள். வாயிலில் தளபதி பதினாறு புதுச் சாடிகளுடன் காத்திருக்கிறார். அவள் புன்னகைத்து

(அவளைப் புன்னகைக்கச் சொல்ல நான் யார்?)

முடிவு ஆ: அவள் வரவேயில்லை. வேறொரு குழுவில், வேறொரு குடிசையில்

(இல்லை என்று அவள் தலையை நான் அசைப்பதும் அசைப்பதே.)

முடிவு இ: நடுவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். விதிகளில்தான் ஓட்டை என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

(எனக்கு வசதியான முடிவு. ஆகவே அடித்துவிட்டேன்.)

7

இக்கதையைக் குழுவில் இட மாட்டேன். இன்று முற்பகல், அவருடைய உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு, அங்கே நான் இட்டது இவ்வளவே:

(அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் புகார் சொன்னேன். அன்று எல்லாரும் சிரித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. பதினாறு சாடிகளையும் உடைத்தது தளபதி அல்ல, நான். புகாரைப் பதினோராம் நாளே எழுதி வைத்திருந்தேன்.)

வணக்கம் என்று முடிக்கவில்லை. அவருடைய இடைவேளை தொடங்கியிருக்கும். குடிசைக்குப் போகும் வழியில் தளபதி வைத்த தடையை நேற்றே நீக்கிவிட்டேன். மூன்றாம் விதியை இம்முறையாவது முழுமையாகப் பின்பற்றுகிறேன். அங்கே அசைய வேண்டிய கை என்னுடையதல்ல. வாசகரே, உங்களுடையதும் அல்ல.