ஜானெட்டாவின் இடது கை

"யாருடி உன்னை இப்படிப் போட்டு அடிச்சது?"

யோலானா மகளின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அடுப்புத் தட்டில் ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்க அங்கே ஆளில்லை. ஜானெட்டாவின் இடது மேற்கையைச் சுற்றிக் கருநீலமாக ஒரு வளையம் கன்றியிருந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள், சில ஆறியும் சில ஆறாமலும்.

"யாரும் அடிக்கலம்மா. விடு, பஸ் போயிடும்."

"எவனாச்சும் பயலா? டவுன்ல எவன் பின்னாடியாச்சும் சுத்துறியா? சொல்லிடு, உங்க அண்ணனை எழுப்புறேன்."

"ஐயோ, இது படிப்பும்மா!"

"நானும் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவதான். கடைசி பெஞ்சுல உக்கார வச்சாங்க, அம்புட்டுதான். கையை ஒருத்தரும் முறுக்கல."

ஜானெட்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. செவிலியர் கல்லூரியில் உடலியங்கியல் பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் ஆகாது என்று எடுத்துச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தி இன்னொருத்திக்கு நாடி பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், விரலைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். இன்றைக்கு அதற்குத்தான் பரீட்சை.

யோலானா கேட்டுக்கொண்டே அந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நகராட்சிக்குத் தெரு கூட்டும் கை அது, காய்த்துப்போயிருந்தது.

"ஒருத்தருக்கொருத்தர்னு சொல்றியே, அப்போ அந்தப் பொண்ணு கையும் இப்படித்தான் கன்னிப்போயிருக்கா?"

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கருகின ரொட்டியில் நல்ல பாதியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சேற்றில் கால் வைக்காமல் பலகை பலகையாகத் தாண்டி, ஜிப்ஸிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமாச் சேரியின் முனையில் நிற்கும் பேருந்துக்கு ஓடினாள்.

பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும்போலக் காலியாக வந்தது. அம்மா கேட்ட கேள்வி மட்டும் கூடவே வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஜோடியான டொரோட்டாவின் கை எப்படி இருக்கும்? வெளுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். ஒரு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்தும் அந்தக் கையை ஜானெட்டா ஒரு தரமும் தொட்டதில்லை.

யாரும் அவளிடம் கடுமையாகப் பேசிவிடவில்லை. அதுதான் அதில் பெரிய சாமர்த்தியம். முதல் வகுப்பிலேயே, பாடம் நடத்தும் டாக்டர் ஹெட்விகா அவள் முழங்கை மடிப்பைத் தட்டிப் பார்த்து, "அடேயப்பா, என்ன நரம்பு! எல்லாரும் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். எல்லோரும் வந்தார்கள். மேற்கையில் பிரஷர் பட்டை கட்டினார்கள், ரப்பர் குமிழை அமுக்கினார்கள், சின்னச் சுத்தியால் முழங்காலில் தட்டினார்கள். கதவுக்குப் பின்னால் மேலுடையைக் கழற்றிய அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "கேக்குதுடி, கேக்குது!" என்று குதித்தார்கள். நம்மையும் ஒரு பொருட்டாக மதிக்கிறார்களே என்று அன்றைக்கு அவள் பூரித்துப்போனாள். பைத்தியக்காரி.

அவள் முறை வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். டொரோட்டாவுக்குச் சளி. டொரோட்டாவின் சட்டைக் கை இறுக்கம். டொரோட்டாவுக்குப் பேருந்து வந்துவிட்டது. "என்னோடதை நூத்திருபதுக்கு எண்பதுன்னு போட்டுக்கயேன், எல்லாருக்கும் அதானே" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் போன பிறகு, யாருமில்லாத மேசையில், ஜானெட்டா பட்டையைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு பழகுவாள். குமிழை அமுக்கினால் பட்டை நழுவும், பட்டையைப் பிடித்தால் காதுக்குழாய் விழும்.

புகை நாற்றம் என்று ஒரு தடவை யாரோ கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. வீட்டில் எரிவது விறகு. துணியில் வாடை ஏறாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டை வீட்டுக்கே கொண்டுபோவதில்லை. கல்லூரிக் குழாயடியிலேயே துவைத்து அங்கேயே காயப்போட்டாள்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அக்கா ரெனாட்டா பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆஸ்பத்திரியில் ரோமாப் பெண்களுக்கென்று கடைசியில் ஒரு தனி அறை. அங்கே வலியில் துடித்துக்கொண்டிருந்தவளைத் தொடுவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறையையும் மாட்டிக்கொண்டதை ஜானெட்டா கண்ணால் பார்த்தாள். அந்த அறையில் நம்மில் ஒருத்தி வெறுங்கையால் நெற்றியைத் தொட்டு, "ஒண்ணுமில்லக்கா, பயப்படாதே" என்று சொல்ல வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். இன்றைய செய்முறைப் பரீட்சையில் தவறினால் அந்த ஆசைக்கும் முழுக்குத்தான். மறுபரீட்சை எழுத டாக்டர் ஹெட்விகாவின் சிபாரிசு வேண்டும். அது இல்லையென்றால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்தவர் பேராசிரியர் பெங்கோ. தொப்பை விழுந்த, தூங்கி வழிகிற கிழவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும்படி இரட்டைக் குழாய் வைத்த ஸ்டெதாஸ்கோப் அவர் முன்னால் கிடந்தது. மாணவி ஒரு குழாயில் கேட்பாள், அவர் மற்றதில் கேட்பார். பொய் சொல்ல வழியில்லை.

"ஜானெட்டா கினியோவா. உன் ஜோடி யாரும்மா?"

"டொரோட்டா, சார்."

டொரோட்டா எழுந்தாள். வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். "சார், எனக்குக் காலைலருந்து தோள்ல சுளுக்கு. பட்டை கட்டினா உயிர் போயிடும்."

"சரி, வேற யாராச்சும் வந்து உக்காருங்க."

யாரும் அசையவில்லை. அவள் நாடியைப் பிடித்தே நாடி பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள், அவள் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி வகை பிரித்தவர்கள் எல்லோரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். ஒருத்தி பேனா மூடியைத் திருகினாள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே எதையோ கண்டுபிடித்துவிட்டதுபோல் பார்த்தாள். டாக்டர் ஹெட்விகா கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜானெட்டாவுக்கு முகம் எரிந்தது. செத்துப்போய்விடலாம்போல் இருந்தது. "நான் என் கைலயே பாத்துக் காட்டவா, சார்?" என்றாள்.

"அது செல்லாதும்மா. நாளைக்கு நோயாளிக்குத்தானே பாக்கப்போற? உனக்கேவா பாத்துக்கப்போற?" கிழவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் தன் கையை நீட்டினார். "ம், கட்டு."

அவள் தொட்டாள். தன் கை அளவே அவளுக்குப் பழக்கம். இது சதை தளர்ந்த, ரோமம் அடர்ந்த, பருத்த கை. பட்டையை எங்கே கட்டுவது, நாடி எந்தப் பக்கம் ஓடும், எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி நினைவில் இருந்தது. விரல்தான் கேட்கவில்லை. குமிழை அமுக்கினாள். பாதரசம் ஏறியது. திருகைத் தளர்த்தினாள், அது ஒரேயடியாகத் திறந்துகொண்டு பாதரசம் சரசரவென்று இறங்கிவிட்டது. இன்னொரு தரம் செய்தாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் இறக்கினாள். ஆனால் காதில் கேட்டதெல்லாம் அவளுடைய சொந்த நெஞ்சு அடிக்கிற அடிதான்.

கிழவர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "கேட்டுச்சாம்மா?"

நூற்று இருபதுக்கு எண்பது என்று சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் அதுதானே.

"கேக்கல சார்."

"ஒரு வருஷமா என்னதான் பண்ணின?"

அதற்கு அந்த அறையில் இருந்த யார் வேண்டுமானாலும் பதில் சொல்லியிருக்கலாம். அவர் பெருமூச்சு விட்டுத் தாளில் கோடு போட்டார். தவறு என்று அவரைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதினார். இந்த உலகத்தில் அநியாயத்துக்கு இப்படி ஒரு நியாயமான கையெழுத்து எப்படியோ கிடைத்துவிடுகிறது.

பின் பெஞ்சில் ஒரு குரல், இரக்கத்தோடுதான், சொன்னது: "பாவம், அவங்களுக்கெல்லாம் இது ஏறாதுடி."

"அடுத்தது டொரோட்டா" என்றார் டாக்டர் ஹெட்விகா. "ஜானெட்டா, எழுந்திரிக்காதே. அப்படியே இரு. சட்டைக் கையை மடக்கு."

டொரோட்டா பட்டையோடு வந்தாள். சுளுக்கு விழுந்த தோளைக் காணோம். "ரெண்டு நிமிஷம்டி, சட்டுனு முடிச்சிடுறேன்" என்று பழகின கையாய் அந்த இடது முழங்கையைப் பிடித்தாள்.

ஜானெட்டா கையை இழுத்துக்கொண்டாள். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.

"மாட்டேன்."

"என்னடி விளையாடுற? எனக்குப் பரீட்சைடி!"

"எனக்கும்தான் பரீட்சை இருந்துச்சு."

டாக்டர் ஹெட்விகா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது அந்தக் குரலில். "நீ தவறினதுக்கு அவ என்ன செய்வா? உன் மறுபரீட்சைக்கு நான்தான் எழுதணும், தெரியுமில்ல? நடத்தையையும் சேர்த்துத்தான் எழுதணும். யோசிச்சுக்கோ."

யோசிக்கத்தான் செய்தாள். கடைசி அறையில் படுத்துக் கிடந்த அக்காவை நினைத்தாள். அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்தாள். இருந்தும் பொத்தான்மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

"எழுதிக்கோங்க டாக்டரம்மா. இந்தக் கையைத் தரமாட்டேன்."

"பாத்தீங்களா, சிகான் புத்தி!" என்று, ரோமாக்களை இழிக்கும் அந்தப் பேரையே போட்டு, யாரோ சத்தமாகவே சொன்னார்கள். இரக்கம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

டொரோட்டா உதட்டைப் பிதுக்கினாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. அவ்வளவுதான், நாற்காலிகள் கிறீச்சிட்டன. "என் கையில பாருடி!" "இல்ல, என்னோடது ஒல்லி, ஈசியா கேக்கும்!" "நான் வரேன் டொரோட்டா, அழாத!" முன்வரிசை, பின்வரிசை, ஜன்னலோரம் எல்லா இடத்திலிருந்தும் சட்டைக் கைகள் தோள்வரை சுருண்டன. கன்றாத, ஊசி தொடாத வெள்ளைக் கைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நீண்டன. தன் கையைத் திரும்பக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்த பெங்கோ தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் ஹெட்விகாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்துக்கோ ஜானெட்டா. ஒருத்தருக்கொருத்தர் உதவுறதுன்னா இதுதான்."

ஜானெட்டா வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலிமேல் வைத்தாள்.

"பாத்துட்டேன் டாக்டரம்மா" என்றாள். "இத்தனை கை இந்த ரூம்லதான் இருந்துச்சுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."