ஸ்டோர் பலகைகள்

ஆடி மழையில் அம்மா, நான் போட்ட மரத்தளத்தில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்து இரண்டு மாதமாகியும் அவள் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. விருந்தினருக்குத் தேநீர் கொண்டுபோனால் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "வந்து வாங்கிக்கங்கப்பா" என்று தட்டை நீட்டுவாள்.

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவில் மூன்று அறைகள் வைத்து வாடகைக்கு விடுகிறோம். அறைகள் சுமார்தான். ஆட்கள் வருவது அந்தத் தளத்துக்காக. அதில் நின்றால் போடி முழுவதும் காலடியில் தெரியும். தளத்தில் பாசி ஏறியிருந்தது. சுத்தம் செய்து பூச்சு அடிக்க ஆள் கூப்பிடுகிறேன் என்று ஐப்பசி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. ஏன் என்று அம்மாவிடம் சொல்லவுமில்லை.

அந்தப் பலகைகள் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வந்தவை. காயை உலர்த்தும் கட்டடத்துக்கு எஸ்டேட்டில் ஸ்டோர் என்றுதான் பெயர். அம்மா இருபத்திரண்டு வருடம் அங்கே இரவில் அடுப்பு பார்த்தாள். பழைய ஸ்டோரை இடித்தபோது உலர் அறையின் பலகைகளை ஒரு லோடு வாங்கித் தளம் போட்டேன். வெயில் ஏறும் மதியங்களில் அவற்றிலிருந்து ஏலக்காய் வாசனை மெல்லக் கிளம்பும். விருந்தினர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒருவர் மட்டும் என்ன ரூம் ஸ்பிரே என்று கேட்டார்.

சின்ன வயதில், அம்மா ஸ்டோரிலிருந்து வரும் நேரமும் நான் பள்ளிக்கூட ஜீப்புக்கு ஓடும் நேரமும் ஒன்று. வந்த கையோடு எனக்குத் தலை சீவிவிடுவாள். அவள் விரலில் இருந்த வாசனை என் முடியில் மதிய மணி அடிக்கும்வரை இருக்கும். பிறகு நானும் இரவு வேலைக்குப் போனேன், சென்னையில். அமெரிக்காவில் பாத்திரம் கழுவும் மெஷின் ஓடாதவர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்கும் வேலை. நான்கு வருடம் கழித்து, ஒருநாள் பாதி ஷிப்டில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த நான்கு வருடத்திலிருந்து எந்த வாசனையும் எனக்கு நினைவில்லை.

கார்த்திகை பிறந்ததும் அம்மாவே ஆள் சொல்லிவிட்டாள். சிலமலையிலிருந்து சந்திரவல்லியும் அவள் புருஷன் பேச்சிமுத்துவும் வந்தார்கள். சூரியநெல்லிப் பக்கத்து ரிசார்ட்டுகளில் மரத்தளங்களைப் பராமரிப்பவர்கள். சந்திரவல்லி இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரைப் பலகையில் குத்தினாள்.

"ஈரம் இருபத்தாறு காட்டுது. பதினஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் பூச்சு பிடிக்கும். இல்லேன்னா தோல் தோலா உரிஞ்சு வந்துரும், கேட்டோ?"

"பூசினா வாசம் போயிருமா?"

"எந்த வாசம்?" குனிந்து முகர்ந்தாள். "ஓ, காய் வாசம். அது உள்ளயே அடைஞ்சுக்கும்ணே. மழை உள்ள போகக் கூடாதுன்னா இதுவும் வெளிய வராதுல்ல?"

"அப்ப கழுவி மட்டும் விட்டா?"

"அடுத்த ஆடிக்கு அத்தைக்கு வலது கை."

பேச்சிமுத்து சிரித்தான். வாசற்படியில் நின்ற அம்மாவும் சிரித்தாள். சரி, கழுவிப் பூசுங்கள் என்றேன்.

ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார்கள். பச்சைத் தண்ணீர் சரிவில் ஓடியது. பிறகு மூன்று நாள் வெள்ளை மூட்டமாக மஞ்சு இறங்கி அப்படியே உட்கார்ந்துகொண்டது. மீட்டர் இருபத்திரண்டுக்குக் கீழே வரவில்லை. சனிக்கிழமைக்கு எட்டுப் பேர் வருவதாக இருந்தது. நான்காம் நாள் காலை சந்திரவல்லி தளத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கல்தூண்கள் நெஞ்சுயரம் இருக்கும்.

"ஸ்டோர் பலகைதானே? ஸ்டோர் மாதிரியே காய வச்சுருவோம்."

அடுப்பை வெளியே வைத்தார்கள். அதிலிருந்து தகரக் குழாய் தளத்துக்கு அடியில் ஓடி மறுபக்கம் புகையை வெளியே விடும். குழாயின் சூடு மட்டும் உள்ளே தங்கும். மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டினார்கள். நான்காவதான பள்ளத்துப் பக்கத் தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, "இதை மட்டும் இறக்கிறாதீங்க. ஆவி இந்த வழியாப் போகணும்" என்றாள். விறகு போடுவது என் சோலி. அவர்கள் பூச்சு டப்பா வாங்க போடிக்கு இறங்கினார்கள்.

ஒரு மணி நேரத்தில் வாசனை வந்தது. எத்தனையோ வெயிலில் வராத அளவுக்கு வந்தது. வந்த வேகத்தில் பள்ளத்துப் பக்கம் ஒழுகிப் போய்க்கொண்டும் இருந்தது. நாளை மறுநாள் இதைப் பூசி மூடப்போகிறார்கள். கொஞ்ச நேரம்தானே என்று அந்தத் தார்ப்பாயை இறக்கிக் கட்டினேன். தளத்தில் மல்லாந்து படுத்தேன். முதுகுக்குக் கீழே பலகை கதகதவென்று இருந்தது. ஏழு வயதுத் தலையும், அதில் சீப்பும் ஞாபகத்துக்கு வந்தன. தூங்கிவிட்டேன்.

எழுப்பியது சந்திரவல்லி. மணி நான்கு. மீட்டர் முப்பது காட்டியது. பலகைகளின் அடிப்பக்கம் முழுக்க வேர்த்துச் சொட்டியது.

"காத்துல இறங்கிருச்சா?" என்று தார்ப்பாயைக் காட்டினாள்.

"நான்தான் இறக்குனேன்."

சமையலறைவரை வாசனை போயிருக்க வேண்டும். அம்மா வாசற்படிக்கு வந்திருந்தாள். ஸ்டோர்க்காரிக்கு விளக்கம் தேவையில்லை.

"ஆவிய அடைச்சா காயே கறுத்துப்போகும். தெரியாதாடா உனக்கு? எதுக்கு அடைச்ச?"

"உன் வாசம்மா. போயிருமேன்னு."

"என் வாசமா?" அம்மா சந்திரவல்லியைப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருசமும் எனக்கு அதுல தலைவலி ஆத்தா. இவனுக்குத் தலை சீவும்போது கண்ணைத் திறக்க முடியாது. எப்படா கையக் கழுவுவோம்னு இருக்கும்."

"கழுவிட்டே சீவியிருக்கலாம்ல?" என்றேன்.

"எஸ்டேட் லயத்து வீட்டுப் பைப்புல தண்ணி ஏழு மணிக்குத்தான்டா வரும். உனக்கு ஜீப்பு ஆறே முக்காலுக்கு."

பேச்சிமுத்து அடுப்பைக் கிளறுவதுபோல் திரும்பிக்கொண்டான். நான் இறங்கிப் போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தேன். வெள்ளையாக ஆவி புறப்பட்டு, சரிவில் இறங்கி, மஞ்சோடு கலந்தது. வாசனையும் அதோடு போனது.

மறுநாள் மாலைவரை பேச்சிமுத்துவே விறகு போட்டான். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. மீட்டர் பதினான்குக்கு வந்தது. வியாழன் காலை ஒரு பூச்சு, மாலை ஒரு பூச்சு. சனிக்கிழமை காலை சந்திரவல்லி ஒரு செம்புத் தண்ணீரைப் பலகையில் ஊற்றினாள். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"வருசத்துக்கு ஒருக்கா கூப்பிடுங்க. அண்ணன்கிட்ட மட்டும் பொறுப்பு விட்டுறாதீங்க அத்தே."

எட்டுப் பேரும் பதினொரு மணிக்கு வந்து நேராகத் தளத்துக்குப் போனார்கள். அன்று வெயில் நன்றாகவே அடித்தது. பலகையிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. அம்மா தேநீர்த் தட்டோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். செருப்பைக் கழற்றினாள். வலது காலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு கடைசிவரை நடந்துபோய் எட்டுப் பேருக்கும் கொடுத்தாள். கைப்பிடிக் கம்பிக்கருகே கொஞ்ச நேரம் நின்று கீழே போடியைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது என்னருகே நின்றாள்.

"ஆளுக வர்ற நேரத்துல முடி இருக்குற லட்சணத்தப் பாரு. வெரசாப் போயி சீவிட்டு வா."

சொல்லிவிட்டு இடது கையால் என் முன்முடியை ஒதுக்கிவிட்டாள். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணல். பூண்டு உரித்த கை. மதியம்வரை அந்த வாசனை என் தலையில் இருந்தது.