இரண்டு பெடல், ஒரு டிக்

கார் ஷெட்டில் பாட்டு மறுபடியும் பாதியில் நின்றது. நிறுத்தியவன் வழக்கம்போல அண்ணன்தான். கீபோர்டிலிருந்து கையை எடுத்தான், ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான், திருடனைத் தேடுகிறவன் மாதிரி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

“டிக் டிக்குனு ஒரு சத்தம். யாரு அது?”

இருந்ததே நான்கு பேர். கீபோர்டு வாசித்து, கம்ப்யூட்டரில் பதிவும் செய்யும் அண்ணன், பாடுகிற அண்ணி, ஊரையே எழுப்பும்படி டிரம்ஸ் அடிப்பதால் ‘இடி’ என்று பேர் வாங்கிய அண்ணனின் சிநேகிதன், கிட்டாரோடு தங்கை. தங்கைக்கு வேலை பல் செட் செய்யும் லேபில். அதனால் வீட்டில் அவள் பல்லழகி.

பாட்டு அவர்களே கட்டியது. நடுவில் வரும் கிட்டார் சோலோ பல்லழகியுடையது. அந்த இடம் வந்ததும் இடி குச்சிகளை மடியில் வைத்துவிடுவான், அண்ணி வாயை மூடிக்கொள்வாள், அண்ணன் ஒற்றைக் கையால் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பான். கிட்டார் மட்டும் தனியாக நின்று அழ வேண்டும். சாதாரணக் கிட்டார் அவ்வளவு நேரம் அழாது என்பதால், காலடியில் பச்சை ஓவர்டிரைவ் பெடல் ஒன்று, அதையடுத்து மஞ்சள் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து மிதித்திருந்தாள். ஒன்று ஒலியைக் கெட்டியாக்கும். அந்தக் கெட்டியை இன்னொன்று மேலும் கெட்டியாக்கும். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, அந்த டிக் மட்டும் இல்லாவிட்டால்.

“கடிகாரமா இருக்கும்” என்றாள் பல்லழகி. சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்தார்கள். டிக் போகவில்லை.

“அண்ணி, உங்க வளையல்…”

அண்ணி முறைத்துக்கொண்டே வளையல்களைக் கழற்றித் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். டிக் இருந்த இடத்திலேயே இருந்தது.

“இடியண்ணா, நீங்க விரல்ல சொடக்கு எடுக்கிறீங்களா?”

“தங்கச்சி, நான் மூச்சே விடலம்மா” என்றான் இடி, பாவமாக.

கடைசியில் அண்ணன் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, கிட்டார் பதிவானதை மட்டும் தனியாகப் போட்டான். டிக், சர்ர், டிக், சர்ர். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு டிக் நின்றது. கம்பியை மீட்டுகிற சின்ன வில்லை, அந்தப் பிக், கம்பியில் படுகிற சத்தம். கடிகாரமும் வளையலும் இடியும் ஒரே நேரத்தில் நிரபராதிகளானார்கள். பல்லழகிக்குக் காது மடல் சுட்டது.

“பெரிய சத்தத்தை ரெண்டு பெடலும் சேர்ந்து அமுக்குது. பொடிச் சத்தம் தலை தூக்குது” என்றான் அண்ணன். “நாளைக்குச் சாயங்காலம் கடைசிப் பதிவு. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா அந்த இடத்தை நான் கீபோர்டுல வாசிச்சுடறேன்.”

“அது என் சோலோண்ணா!”

“டிக்கும் உன்னோடதுதான்.”

சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டான். அண்ணனின் சுபாவமே அப்படித்தான். அவள் கிட்டாரைத் தொட்ட நாளிலிருந்து அவன் வாயால் ‘நல்லா இருக்கு’ என்று கேட்டதில்லை. ரொம்பப் பிடித்தால் ‘ம்’ என்பான். அந்த ‘ம்’முக்காகவே விரல் நுனி காய்க்க வாசித்தவள் அவள் என்பது அவனுக்குத் தெரியாது. இப்போது இந்த சோலோவும் கீபோர்டுக்குப் போனால் கிட்டாரை ஆணியில் மாட்டிவிடலாம் என்று இருந்தது.

அண்ணிதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வளையல் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. ஆனாலும் அவளால் நாத்தனாரின் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அந்தக் குமிழ் எல்லாத்தையும் எதுக்குடி இந்த முறுக்கு முறுக்கி வச்சிருக்க?”

நியாயமான கேள்வி. பச்சையிலும் மஞ்சளிலும் ஒலியைக் கெட்டியாக்கும் கெயின் குமிழ் முக்கால்வாசி ஏறியிருந்தது. தனித்தனியாக வாசித்த நாளில் வைத்தது. சேர்த்தபோது குறைக்கத் தோன்றவே இல்லை. பல்லழகி பச்சையின் கெயினை அடிமட்டத்துக்கு இறக்கி, சத்தத்தை மட்டும் ஏற்றினாள். மஞ்சளைப் பாதிக்குக் கொண்டுவந்தாள். டிக் பாதி செத்தது. மீதியையும் கொல்லலாமென்று டோன் குமிழைத் திருகித் திருகிக் குறைத்ததில், கிட்டார் ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கால் பாட ஆரம்பித்தது. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லழகி டோனை மறுபடி கொஞ்சம் ஏற்றினாள்.

“நான் ‘ச’ன்னு பாடுறப்போ மைக்குல சீறும். அப்போ என்ன பண்ணுவேன் தெரியுமா?” என்றாள் அண்ணி. “வாயை நேரா வைக்காம லேசா சாய்ச்சுக்குவேன். நீ பிக்கை கம்பி மேல பலகை மாதிரி தட்டையா அடிக்கிற. சாய்ச்சுப் பாரேன்.”

சாய்த்துப் பார்த்தாள். டிக் நின்றுவிட்டது! இருவரும் ஒரு நொடி கை கோத்துக் குதித்தார்கள். அடுத்த நொடி பார்த்தால், டிக்குக்குப் பதிலாக, பிக் கம்பியில் உரசுகிற சர்ர் இரண்டு மடங்காகியிருந்தது. முக்கியமாகச் சுருள் சுற்றிய தடித்த கம்பிகளில். சாய்த்தால் சர்ர், நிமிர்த்தினால் டிக். பல்லழகி அன்று சாப்பிடாமலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை லேபில் ஒரு பல் செட் முடியும் நிலையில் இருந்தது. ஈறு நிறத்தில் ரோஸ் பிளாஸ்டிக், அதில் வரிசையாகப் பல். கண்ணால் பார்த்துப் பயனில்லை. விரல் நுனியால் ஓரமெல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு சொரசொரப்பு இருந்தாலும் போட்டுக்கொள்கிறவரின் நாக்கு அங்கேயே போய் நிற்கும். அவள் விரல் ஒரு மூலையில் நின்றது. சுழலும் துணிச் சக்கரத்தில் ஈரக்கல்பொடியைத் தடவி, அந்த மூலையைக் காட்டினாள். மறுபடி தடவினாள். வழுவழுவென்றிருந்தது.

கை அப்படியே நின்றது. மேலங்கிப் பைக்குள் விட்டுத் தன் பிக்கை எடுத்தாள். அதுவும் அதே ரோஸ்தான். ஒரு நாள் மிச்சமான ஈறு பிளாஸ்டிக்கில் தானே வெட்டிக்கொண்டது. “பல்லே இல்லாத ஈறு” என்று இடி கேலி செய்வான். வியர்வையில் வழுக்காமல் இருக்கட்டுமென்று முரட்டு அரத்தால் ராவி, அப்படியே விட்டுவிட்டாள். இப்போது அதன் விளிம்பைத் தடவினாள். முதலை முதுகு மாதிரி இருந்தது. ஊர்க்காரர்களின் பல்லையெல்லாம் கண்ணாடியாக்கி அனுப்புகிறவள், தன் கையில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பெடலைத் திட்டியிருக்கிறாள்.

“அட மக்கு!” என்றாள் உரக்க. பக்கத்து மேசைக்காரர் தன்னைத்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

பிடிக்கிற இடத்தின் சொரசொரப்பை அப்படியே விட்டாள். கம்பியில் படும் முனையை மட்டும் உருட்டி, கல்பொடி காட்டி, மெருகேற்றி, நாக்கு நுனியால் தொட்டுச் சோதித்துக்கொண்டாள். தொழில் பழக்கம், விடாது.

சாயங்காலம் அண்ணன் எதையும் கேட்கவில்லை. “ஆரம்பிக்கலாமா?” என்றான். பாட்டு போயிற்று. சோலோ வந்தது. இடி குச்சிகளை இறக்கினான். அண்ணி வாயை மூடினாள். பல்லழகி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பெடலையும் மிதித்து, பிக்கைச் சாய்த்து வாசித்தாள். ஹெட்போனில் கிட்டார் தடங்கலில்லாமல் அழுதது. முடித்துக் கண்ணைத் திறந்தபோது அண்ணி இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கம்ப்யூட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் பதிவை ஓடவிட்டான். சோலோ தொடங்கியது. கூடவே, மெலிதாக ஆனால் தெளிவாக: டிக். டிக். டிக்.

பல்லழகி பிக்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இருக்காதுண்ணா! பாலிஷ் பண்ணேன், சாய்ச்சேன், கெயினைக்கூட…” என்றாள். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

அண்ணன் கிட்டாரை மட்டும் தனியாகப் போட்டான். சுத்தம். டிக்கும் இல்லை, சர்ரும் இல்லை. பிறகு அண்ணியின் மைக்கில் பதிவானதைப் போட்டான். அங்கே இருந்தது, தாளம் பிசகாமல்.

“என் வளையல் ஜாடிக்கிட்ட இருக்கு” என்றாள் அண்ணி முன்கூட்டியே.

“நான் மூச்சே விடல” என்றான் இடி.

மூவரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் தன் இடது கையைப் பார்த்தான். சோலோ நேரத்தில் வேலையில்லாத கை. அதில் கல்யாண மோதிரம். அது நாற்காலியின் இரும்புக் கைப்பிடி மேல் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்த அந்த நொடியிலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

“தெரியாம… அதுபாட்டுக்கு…” என்று இழுத்தான். “விடு, அதை எடுத்துடறேன்.”

மவுஸ் நகர்வதற்குள் பல்லழகி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வருஷ ‘ம்’மையெல்லாம் சேர்த்தாலும் அவன் தன்னை மறந்து போட்ட இந்தத் தாளத்துக்கு ஈடாகாது என்று தோன்றியது.

“கையை எடு. அது அங்கேயே இருக்கட்டும்.”

“நேத்து பூரா இந்த டிக்குக்காகத்தானேடி சண்டை?”

“அது என் டிக். அதைக் கொன்னுட்டேன். இது உன்னோடது. இதுல கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். பிறகு சோலோவை முதலிலிருந்து போட்டான். இந்த முறை மறைக்காமலேயே நாற்காலியில் தாளம் தட்டினான்.